எதிரொலி எங்கிருந்து வந்தது?

2012 ஜூலை இரண்டாவது வாரத்தில் கிரீன்லாந்தின் மேல் வெதுவெதுப்பான காற்று வந்து தங்கியது. 12-ஆம் தேதி வாக்கில், அந்தத் தீவை மூடியிருக்கும் பனிப்பாளத்தின் பரப்பில் 97 சதவீதத்துக்கும் மேலான இடங்களில் உருகலின் அடையாளம் தெரிந்தது. கடல் மட்டத்திலிருந்து 3,200 மீட்டர் உயரத்தில், நடுக்கோடையிலும் உறைநிலைக்குக் கீழேயே இருக்கும் சம்மிட் ஆய்வு நிலையத்தில்கூட வெண்பனி நனைந்தது. அங்கே துளையிட்டு எடுத்த பனித்தண்டுகளின்படி அதற்கு முந்தைய உருகல் 1889-ல் நடந்திருக்கிறது. இதே நேரத்தில் சுமார் 720 கிலோமீட்டர் உயரத்தில் ஐரோப்பிய விண்வெளி முகமையின் கிரையோசாட்-2 செயற்கைக்கோள், ராடார் கொண்டு பனிப்பாளத்தின் உயரத்தை அளந்துகொண்டிருந்தது. அதன் தரவுகளைப் பிறகு ஆராய்ந்தவர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். உருகலுக்குப் பின், பனிப்பாளத்தின் உட்பகுதி சராசரியாக 56 சென்டிமீட்டர் உயர்ந்திருப்பதாகத் தரவு சொன்னது. உருகினால் பனி அமிழத்தான் வேண்டும். அரை மீட்டருக்கு மேல் உயர வழியே இல்லை. கருவியில் பழுதில்லை, கணக்கிலும் தவறில்லை. உருகிய நீர் சற்றே கீழிறங்கி மீண்டும் உறைந்து, வெண்பனிக்குள் மெல்லிய பனிக்கட்டித் தகடுகளாகப் படிந்துவிட்டிருந்தது. அதுவரை பனிக்குள் ஆழமாக இறங்கித் திரும்பிய ராடார் அலை, இப்போது மேற்பரப்புக்கு அருகிலேயே தடுக்கப்பட்டுத் திரும்பியது. பனிப்பாளம் உயரவில்லை, எதிரொலி கிளம்பும் இடம்தான் உயர்ந்தது.

ராடார் உயரமானி உயரத்தை நேரடியாக அளப்பதில்லை. ஒரு துடிப்பை அனுப்புகிறது, அது திரும்பி வர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்க்கிறது, அவ்வளவுதான். தொலைவு ஒரு மீட்டர் கூடினால் போய்வரும் நேரம் நொடியில் நூறு கோடியில் ஏழு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கூடும். இவ்வளவு நுட்பமாக நேரத்தை அளக்கும் கருவிக்கும், அந்த எதிரொலி எந்தப் பரப்பிலிருந்து வந்தது என்று சொல்லத் தெரியாது. கிரையோசாட்டின் அலைநீளம் 2.2 சென்டிமீட்டர். குளிர்ந்து உலர்ந்த வெண்பனி இந்த அலைக்குப் பெருமளவு ஒளிபுகும் பொருள்போல நடந்துகொள்ளும். அதே வெண்பனியில் ஓரிரு சதவீதம் திரவ நீர் சேர்ந்தால் அலை சில சென்டிமீட்டருக்கு மேல் இறங்காது. கிணற்றில் கல்லைப் போட்டு, சத்தம் வரும் நேரத்தைக் கொண்டு நீர்மட்டத்தைக் கணிக்கும் பழைய முறையை நினைத்துக்கொள்ளலாம். நடுவில் காய்ந்த சருகும் செத்தையும் மண்டிக் கிடந்து கல் அதில் மோதினால், நேரக் கணக்கு துல்லியமாக இருந்தும் விடை தவறாகிவிடும். கல் எதில் மோதியது என்பதை ஒருவர் எட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இந்த அத்தியாயத்தின் வாதமும் இதுதான். துருவப் பனிமேல் இறங்கி மனிதர்கள் எடுக்கும் அளவுகளை, செயற்கைக்கோள் ஏவப்பட்டதும் ஒரு தடவை நடத்தி முடித்துவிடும் தேர்வாகப் பலர் கருதுகிறார்கள். அவை கருவியின் ஓர் உறுப்பு என்றும், பனி மாற மாற அந்த உறுப்பையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் நான் கருதுகிறேன்.

இந்தச் சிக்கல் முழு உருவில் தெரிவது கடலில் மிதக்கும் பனிக்கட்டியில்தான். அதன் தடிமனை ராடாரால் நேரே அளக்க முடியாது. பனிக்கட்டிகளுக்கு இடையே விரிசல் விட்டுத் தெரியும் கடல்நீரின் மட்டத்தையும், பனிக்கட்டியின் மேல்பரப்பையும் அளந்து, நீருக்கு மேலே நிற்கும் பகுதி எவ்வளவு என்று கண்டுபிடிக்கிறார்கள். பிறகு ஆர்க்கிமிடிசின் மிதப்பு விதியைக் கொண்டு முழுத் தடிமனைக் கணக்கிடுகிறார்கள். கடல்நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1,024 கிலோ, ஒரே குளிர்காலத்தில் உறைந்த இளம் பனிக்கட்டிக்கு 917, மேலே படிந்த வெண்பனிக்கு 300 என்று வைத்துக்கொள்வோம். நீருக்கு மேல் 20 சென்டிமீட்டர் பனிக்கட்டி நிற்கிறது, அதன்மேல் 30 சென்டிமீட்டர் வெண்பனி கிடக்கிறது என்றால் மொத்தத் தடிமன் சுமார் 2.75 மீட்டர் என வரும். வெண்பனி 30 அல்ல, 20 சென்டிமீட்டர்தான் என்று மாற்றினால் விடையில் 28 சென்டிமீட்டர் குறையும். எதிரொலி பனிக்கட்டியின் பரப்பிலிருந்து வராமல் அதற்கு 5 சென்டிமீட்டர் மேலே, வெண்பனிக்குள்ளிருந்து வந்திருந்தால், தடிமன் ஏறக்குறைய அரை மீட்டர் கூடுதலாகத் தெரியும். பல கோடைகளைத் தாண்டி உப்பு வடிந்த முதிய பனிக்கட்டிக்கு அடர்த்தி 882 என்று கொள்வது வழக்கம். அந்த எண்ணைப் போட்டால் மேற்சொன்ன 2.75 மீட்டர் 2.1 மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். போதாக்குறைக்கு, வெண்பனிக்குள் ராடார் அலை மெதுவாகப் போகிறது. 30 சென்டிமீட்டர் பனியைக் கடக்க எடுக்கும் நேரம் வெற்றிடத்தில் 37 சென்டிமீட்டர் போவதற்குச் சமம். இந்தத் திருத்தத்துக்கும் பனியின் ஆழமும் அடர்த்தியும் தெரிந்திருக்க வேண்டும். வானத்திலிருந்து கிடைக்கும் ஓர் எண்ணைத் தடிமனாக மாற்ற, தரையிலிருந்து மூன்று நான்கு எண்கள் தேவைப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் உள்ள சிறு பிழை விடையில் பல மடங்காகப் பெருகுகிறது.

இங்கே ஒருவர் சொல்லலாம்: கிரையோசாட் 2010 ஏப்ரலிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கிறது. கோடிக்கணக்கான எதிரொலிகளைச் சராசரியாக்கினால் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகாதா? ஒரு தனி எதிரொலியின் பிரிதிறன் அரை மீட்டரை ஒட்டியதுதான். அதைச் சென்டிமீட்டர் நுட்பத்துக்குக் கொண்டுவருவதே இந்தச் சராசரி என்பதும் உண்மை. ஆனால் சராசரி, இப்படியும் அப்படியும் சிதறும் பிழைகளைத்தான் குறைக்கும். எதிரொலி எப்போதும் ஒரே பக்கமாக, பனிக்கட்டியைவிட மேலிருந்தே வருகிறது என்றால், எத்தனை கோடி அளவுகளைச் சேர்த்தாலும் அந்தச் சாய்வு அப்படியே நிற்கும். அளவுகள் கூடக் கூட, தவறான விடையின்மேல் நமக்கு நம்பிக்கைதான் கூடும்.

தரையிலிருந்து வரவேண்டிய எண்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் கதை சோவியத் ஒன்றியத்துக்குப் போகிறது. 1937-ல் இவான் பபானின் தலைமையில் நால்வர் மிதக்கும் பனிக்கட்டியில் முகாமிட்ட 'வட துருவம்-1' நிலையத்தில் தொடங்கிய மரபு அது. 1954 முதல் 1991 வரை ஆர்க்டிக்கில் இத்தகைய நிலையங்கள் இடைவிடாமல் இயங்கின. 500 அல்லது 1,000 மீட்டர் நீளத்துக்குக் கோடு வகுத்து, 10 மீட்டருக்கு ஒரு தடவை கோலை ஊன்றி, வெண்பனியின் ஆழத்தையும் அடர்த்தியையும் எழுதி வைத்தார்கள். அந்தக் குறிப்பேடுகளைத் திரட்டி ஸ்டீபன் வாரனும் உடன் ஆய்வாளர்களும் 1999-ல் மாதவாரியான பனி ஆழ வரைபடத்தை வெளியிட்டார்கள். 21-ஆம் நூற்றாண்டின் செயற்கைக்கோள் ஆர்க்டிக் பனிக்கட்டியின் தடிமனைச் சொன்னபோது அதற்குள் இருந்தவை, அந்தக் கோல்கள் அளந்த எண்கள். இளம் பனிக்கட்டிக்கு நாம் மேலே போட்ட 917 என்ற அடர்த்திக்குப் பின்னாலும், விமானத்தில் போய்ப் பனிக்கட்டிமேல் இறங்கிய சோவியத் 'சேவெர்' பயணங்கள் இருக்கின்றன. 1991-ல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. நிலையங்களும் பன்னிரண்டு ஆண்டுகள் நின்றுபோயின. ஆர்க்டிக் மிக வேகமாக மாறத் தொடங்கிய காலத்தில் அந்தக் கோல்கள் அங்கே இல்லை என்பது பெரிய இழப்பு. இப்போது ஆர்க்டிக்கில் பெரும்பகுதி இளம் பனிக்கட்டி. அது இலையுதிர் காலத்தில் தாமதமாக உறைவதால், தொடக்கத்தில் விழும் பனி அதன்மேல் சேராமல் கடலில் கரைந்துவிடுகிறது. அதனால் வாரன் வரைபடத்தின் ஆழத்தை இளம் பனிக்கட்டிக்குப் பாதியாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. விமான அளவுகளின் துணையோடு எட்டிய முடிவுதான். ஆனாலும் பாதி என்பது ஒட்டுப்போட்ட தீர்வு.

ராடார் அலை வெண்பனியைக் கடந்து பனிக்கட்டிவரை போகும் என்ற அனுமானத்துக்கும் ஓர் ஆரம்பம் உண்டு. செயற்கையாக உறையவைத்த உப்புப் பனிக்கட்டிமேல் குளிர்ந்த உலர்பனியைப் பரப்பிச் செய்த ஆய்வகச் சோதனை 1995-ல் வெளியானது. அதில் எதிரொலி அடிப்பரப்பிலிருந்தே வந்தது. சோதனை சரியானது. அதை ஆர்க்டிக் முழுவதற்கும் நீட்டியதில்தான் துணிச்சல் அதிகம். கிரையோசாட்டுக்கான முன்னேற்பாடாகக் களத்தில் அளவெடுத்தபோது விடை வேறு மாதிரி வந்தது. மேலே விமானத்தில் அதே அலைவரிசை ராடார், கீழே பனியைத் தோண்டும் குழு. வெப்பநிலை உறைநிலையை ஒட்டியிருந்த 2006 பயணத்தில், காற்றுப் பக்கத்தைவிடப் பனிக்கட்டிப் பக்கம் நெருங்கிக் கிளம்பிய எதிரொலிகள் 25 சதவீதம் மட்டுமே. குளிர் கூடியிருந்த 2008-ல் அது 80 சதவீதம். ஒரே கடல், ஒரே அலைநீளம், ஆனால் அன்றைய குளிர் விடையை மாற்றிவிட்டது. இந்த வேறுபாட்டை விண்ணிலிருந்து மட்டும் பார்த்துக் கண்டுபிடித்திருக்க முடியாது. எது பனிக்கட்டியின் பரப்பு என்று கோல் ஊன்றிக் காட்ட கீழே ஆள் இருந்ததால்தான் அது தெரிந்தது.

அந்த ஆள் என்ன செய்கிறார் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். முதலில் அடிவரை ஒரு குழி தோண்டுகிறார். அளக்கப்போகும் சுவரை வெயில் படாத பக்கமாக வைக்கிறார், வெயில் பட்டால் நிமிடங்களில் வெப்பநிலையும் துகளும் மாறிவிடும். சுவரில் மேலிருந்து கீழே சில சென்டிமீட்டர் இடைவெளியில் வெப்பமானியைச் செருகுகிறார். 100 கன சென்டிமீட்டர் கொள்ளும் உலோகப் பெட்டியைச் சுவரில் அழுத்திப் பனியை வெட்டி எடுத்து நிறுக்கிறார். 30 கிராம் இருந்தால் அடர்த்தி 300. கடினத்தைச் சோதிக்க, முதலில் மூடிய முஷ்டி, பிறகு நான்கு விரல், ஒரு விரல், பென்சில், கத்தி என்று எது பனிக்குள் இறங்குகிறது என்று பார்க்கிறார். கேட்பதற்கு எளிமையாக இருந்தாலும் உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட முறை இது. மில்லிமீட்டர் கட்டம் போட்ட அட்டையில் துகள்களைத் தூவி உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், மேலே காற்று அடித்து இறுக்கிய பொடித் துகள்களும், அடியில் கிண்ண வடிவில் வரிவரியாக வளர்ந்த பெரிய படிகங்களும் தெரியும். அடியில் கடல்நீரின் வெதுவெதுப்பு, மேலே கடுங்குளிர் என்ற வேறுபாடு நீராவியைப் பனிக்குள் மேல்நோக்கி ஓட்டுகிறது. அந்த ஓட்டத்தில் வளர்ந்தவை இந்தக் கிண்ணங்கள். துகள் பெரிதாகப் பெரிதாக ராடார் அலை அதிகம் சிதறும் என்பதால் அவற்றின் அளவு முக்கியம். சுவிட்சர்லாந்தின் டாவோசில் உருவான நுண்துளைக் கருவி இன்னும் ஒரு படி மேலே போகிறது. மோட்டார் தள்ளும் கூர்முனை பனிக்குள் இறங்கும்போது, ஒரு மில்லிமீட்டருக்கு 250 முறை எதிர்ப்பு விசையைப் பதிகிறது. கடைசியாக, ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒரு பிடிப் பனியைப் பையில் போட்டு உருக்கி, மின்கடத்துத்திறனைக் கொண்டு உப்பை அளக்கிறார்கள்.

அந்த உப்புதான் எதிர்பாராத இடத்தில் கதையைத் திருப்பியது. கடல்நீர் உறையும்போது உப்பின் ஒரு பகுதி பனிக்கட்டியின் மேல்பரப்புக்குத் தள்ளப்படுகிறது. மேலே விழுந்த வெண்பனி அதை உறிஞ்சிக்கொள்கிறது. இளம் பனிக்கட்டியின் மேல் கிடக்கும் வெண்பனியில் அடியிலுள்ள சில சென்டிமீட்டர் இப்படி உப்பேறியிருக்கும். உறைநிலைக்கு வெகு கீழேயும் அந்த உப்புநீர் திரவமாகவே இருப்பதால், அலை அங்கே விழுங்கப்பட்டு, எதிரொலி அதற்கு மேலிருந்தே கிளம்புகிறது. 2015 ஜனவரி முதல் ஜூன் வரை நார்வேயின் 'லான்ஸ்' கப்பல் ஸ்வால்பார்டுக்கு வடக்கே பனிக்கட்டியோடு உறைந்து மிதந்தபோது வேறொன்றும் தெரிந்தது. அங்கே வெண்பனி அரை மீட்டர் அளவுக்குக் குவிந்து, அதன் எடையில் சில இடங்களில் பனிக்கட்டி நீர்மட்டத்துக்குக் கீழே அமிழ்ந்து, கடல்நீர் பனிக்குள் புகுந்திருந்தது. நீருக்கு மேலே நிற்கும் பகுதியை வைத்துத் தடிமன் கணக்கிடும் முறைக்கு இது மிகக் கடினமான சூழல். பிறகு 2019 செப்டம்பரிலிருந்து 2020 அக்டோபர் வரை ஜெர்மனியின் 'போலார்ஸ்டெர்ன்' கப்பலை மையமாக வைத்து நடந்த மொசைக் பயணத்தில், இரண்டு அலைவரிசைகளில் இயங்கும் ஒரு ராடாரையே பனிக்கட்டியின் மேல் நிறுத்தினார்கள். ஒன்று கிரையோசாட்டின் அலைவரிசை, மற்றது அதைவிடக் குட்டையான அலை. காற்று வெண்பனியை அள்ளிப் புரட்டிப் போட்ட நாள்களில், புதிதாக ஒன்றும் பொழியாமலே எதிரொலியின் வடிவம் மாறியதைப் பக்கத்தில் நின்றே பதிவு செய்தார்கள்.

இந்த அளவுகளுக்கு எதிராக வைக்கப்படும் வாதங்களில் வலுவானது, அவை மிகச் சிறியவை என்பது. கிரையோசாட் ஒரு தடவை பார்க்கும் பரப்பு பயணத் திசையில் சுமார் 300 மீட்டர், குறுக்கே ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல். பனிக்குழியோ ஒரு மீட்டர் அகலம். காற்று, பனியை மேடும் பள்ளமுமாகக் குவித்து வைத்திருக்கும்போது, ஒரு குழி எதைப் பிரதிநிதித்துவம் செய்யும்? இந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது. குழியில் கண்ட ஆழத்தை அப்படியே செயற்கைக்கோளின் விடையோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொன்னால் அது பிழைதான். ஆனால் குழியின் பயன் அதுவல்ல. எந்த அடர்த்தி, எந்தத் துகள், எந்த உப்பு, எந்த வெப்பநிலை இருந்தால் அலை எங்கே நிற்கும் என்ற இயற்பியலை அது கற்றுத்தருகிறது, இயற்பியலுக்குப் பரப்பளவு தடையில்லை. பரப்பை நிரப்ப வேறு கருவிகள் உண்டு. இருப்பிடத்தையும் சேர்த்துப் பதியும் தானியங்கிக் கோல்களோடு கிலோமீட்டர் கணக்கில் நடந்து ஆயிரக்கணக்கான புள்ளிகளில் ஆழம் எடுக்கிறார்கள். ஹெலிகாப்டரிலும் விமானத்திலும் தொங்கும் மின்காந்தக் கருவி, பனிக்கட்டிக்கு அடியிலுள்ள உப்புநீரை உணர்ந்து மொத்தத் தடிமனைச் சொல்கிறது. கடலடியில் நங்கூரமிட்ட ஒலிக்கருவிகள் கீழிருந்து மேலே பார்த்து, நீருக்குள் மூழ்கிய பகுதியை ஆண்டு முழுவதும் அளக்கின்றன. குழியிலிருந்து கோடு, கோட்டிலிருந்து விமானம், விமானத்திலிருந்து செயற்கைக்கோள் என்று ஒவ்வொரு படியும் அடுத்ததைத் தாங்குகிறது. அடிப்படியை எடுத்துவிட்டால் மேலே உள்ளவை ஒன்றையொன்று ஒத்துப்போகலாம், ஆனால் எல்லாமே சேர்ந்து தவறாக இருக்கலாம்.

இரண்டாவது வாதம், இன்னொரு செயற்கைக்கோள் வந்தால் இந்தச் சிக்கல் தீரும் என்பது. குட்டை அலை வெண்பனியின் மேல்பரப்பிலேயே திரும்பும், நீண்ட அலை பனிக்கட்டிவரை போகும், இரண்டின் வித்தியாசம் பனியின் ஆழம். அழகான யோசனை இது. 2013 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்திய-பிரெஞ்சு செயற்கைக்கோளான சரலில், 8.4 மில்லிமீட்டர் அலைநீளத்தில் இயங்கும் ஆல்டிகா உயரமானி இருந்தது. அதன் தரவைக் கிரையோசாட்டோடு சேர்த்து ஆர்க்டிக் வெண்பனியின் ஆழத்தைக் கணக்கிட்டவர்கள் உண்டு. 2020-ல் கிரையோசாட்டின் பாதையை ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக உயர்த்தி, அமெரிக்காவின் ஐஸ்சாட்-2 லேசர் செயற்கைக்கோளின் பாதையோடு அவ்வப்போது ஒன்றிவரச் செய்தார்கள். லேசர் பனியின் மேல்பரப்பில்தான் திரும்பும் என்பதால் ஒரு முனை உறுதியாகிவிட்டது. ஐரோப்பா ஏவவிருக்கும் கிரிஸ்டல் இரண்டு ராடார் அலைகளையும் ஒரே கலத்தில் கொண்டுபோகப் போகிறது. இவையெல்லாம் பெரிய முன்னேற்றங்கள். இருந்தும் மறுமுனையில் அதே அனுமானம் நிற்கிறது. நீண்ட அலை அடிவரை போகவில்லை என்றால் கழித்து வரும் ஆழம் உண்மையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். குட்டை அலை கொஞ்சம் உள்ளே இறங்கினாலும் அப்படியே. மொசைக்கில் பனிமேல் நிறுத்திய ராடாருக்கு அந்த இரண்டு அலைவரிசைகளைத் தேர்ந்தெடுத்ததன் காரணமும் இதுதான். புதிய கலம் ஏவப்படும்போது தரையளவுக்கு வேலை குறையப்போவதில்லை. கேள்வி ஒன்றுக்கு இரண்டாகிறது.

பனிப்பொழிவை வானிலைத் தரவிலிருந்து கணக்கிடும் மாதிரிகள் இருக்கின்றனவே, அவை போதாதா என்று கேட்பவர்களுக்கு என் பதில் பாதி ஆம். மாதிரிகளின் பலனை 2021-ல் வெளியான ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. வாரன் வரைபடத்துக்குப் பதிலாக ஆண்டுக்கு ஆண்டு மாறும் பனி ஆழத்தை மாதிரியிலிருந்து எடுத்துப் போட்டதும், காரா, லாப்தேவ், சுக்சி ஆகிய கரையோரக் கடல்களில் பனிக்கட்டி மெலியும் வேகம் முன்பு கணித்ததைவிட 70 சதவீதத்துக்குக் குறையாமல் கூடியது. பழைய, மாறாத பனி எண்கள் மெலிவின் ஒரு பெரும் பகுதியை இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தன. பருவநிலையைப் பற்றி நாம் சொல்லும் வாக்கியங்களே இந்த எண்களால் மாறுகின்றன. ஆனால் அந்த மாதிரிக்கும் அளவு சரிசெய்து தந்தவை நாசாவின் ஐஸ்பிரிட்ஜ் விமானங்கள் எடுத்த பனி ஆழங்கள். அந்த விமான ராடாரைச் சோதித்தவர்கள் பனிமேல் கோலோடு நடந்தவர்கள். மாதிரி, அளவை மிச்சப்படுத்தும், அளவின் இடத்தைப் பிடிக்காது.

செலவையும் ஆபத்தையும் காட்டித் தயங்குபவர்களின் கவலை நியாயமானது. துருவக் கரடி, விரியும் பிளவு, விரல் உறையும் குளிர் எல்லாம் உண்மை. ஆனால் இந்தத் தயக்கத்தின் விளைவை எண்களில் காணலாம். சூரியன் திரும்பி வந்து, விமானம் இறங்குமளவு பனிக்கட்டி தடித்து, வெளிச்சமும் இருக்கும் மாதம் ஏப்ரல் என்பதால், களப்பயணங்களில் பெரும்பாலானவை அதையொட்டியே நடந்திருக்கின்றன. ராடாரோ இருட்டிலும் புயலிலும் அளக்கிறது. அக்டோபரில் புதிதாக உறைந்த பனிக்கட்டிமேல் விழும் ஈரப்பனியும், டிசம்பர் புயல்களும், நடுக்குளிர்காலத்தில் திடீரென்று பெய்யும் மழையும் எதிரொலியை என்ன செய்கின்றன என்பதற்கு நம்மிடம் உள்ள சான்று, ஏப்ரலுக்கு உள்ள சான்றில் சிறு பங்குகூட இல்லை. ஆண்டு முழுவதற்கும் தடிமன் வரைபடம் வெளியிடுகிறோம், அதைத் தாங்கும் தரையளவு வசந்தகாலத்தில் குவிந்துகிடக்கிறது. அடுத்த பயணங்களுக்குப் பணம் ஒதுக்கும் அமைப்புகள் இலையுதிர்காலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள கடலில் பற்றாக்குறை இன்னும் மோசம். அங்கே பனிக்கட்டி பொதுவாக மெல்லியது, அதன்மேல் விழும் வெண்பனி அதிகம். லான்ஸ் கப்பல் சில இடங்களில் கண்ட வெள்ளம் இங்கே அன்றாடம். பனிக்குள் புகுந்த கடல்நீர் உறைந்து, வெண்பனியும் பனிக்கட்டியும் கலந்த ஓர் அடுக்கு உருவாகிறது, அடிப்பரப்பு எது என்பதையே வரையறுப்பது கடினம். 2007-ல் கிழக்கு அண்டார்டிகாவில் ராடாரைப் பனிமேல் வைத்து அளந்தவர்கள், வெண்பனிக்கும் பனிக்கட்டிக்கும் இடையே உலோகத் தகட்டைச் செருகி அடிப்பரப்பை அடையாளம் வைத்துக்கொண்டார்கள். எதிரொலி வலுவாகக் கிளம்பிய ஆழம், வெண்பனியின் சராசரி ஆழத்தில் ஏறக்குறைய பாதிதான் இருந்தது. வடக்கில் வாரன் வரைபடத்துக்கு அடித்தளமாக இருந்தது போன்ற முப்பத்தேழு ஆண்டுக் குறிப்பேடு தெற்கில் கிடையாது. கிரையோசாட் இரண்டு துருவங்களுக்கு மேலும் ஒரே அளவில் பறக்கிறது, தெற்கிலிருந்தும் அதே தரத்தில் எதிரொலிகளை அனுப்புகிறது. அவற்றைத் தடிமனாக மாற்றும்போது ஆய்வுக் குழுக்களின் விடைகள் ஒன்றோடொன்று இன்னும் ஒத்துப்போகவில்லை.